கேரம் பலகையில் ஒன்பது பேர்

2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரையிலிருந்து முதல் ஏசி மின்சார ரயில் கிளம்பியபோது எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே கணக்கு வந்தது. 12 பெட்டிகள், 1,116 பேர் உட்காரலாம், 3,798 பேர் நிற்கலாம், மொத்தம் 4,914. உட்காரும் கணக்கு புரிகிறது, இருக்கைகளை எண்ணினால் வந்துவிடும். நிற்பவர்களை எப்படி எண்ணினார்கள்? அதுவும் 3,800 என்று சொல்லிவிட்டுப் போகாமல் இரண்டு பேரைக் கழித்து 3,798 என்று? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், காலை எட்டரை மணி ரயிலைப் பற்றி நாம் பேசுவதில் பாதி எந்த அளவுகோலும் இல்லாத பேச்சு என்பது தெரியவரும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் அகலப்பாதை மின்சார ரயில் பெட்டி ஏறக்குறைய 20.7 மீட்டர் நீளம், 3.66 மீட்டர் அகலம். சுவரும் கம்பியும் போகக் கால் வைக்க 70 சதுர மீட்டர் தேறும். 1,116-ஐ 12-ஆல் வகுத்தால் பெட்டிக்கு 93 இருக்கை. ஓர் இருக்கைக்கும் அதில் உட்காருபவர் முழங்கால் நீட்டும் இடத்துக்கும் சேர்த்து 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இது ஒன்றும் தாராளமில்லை. அதில் 37 சதுர மீட்டர் போனால் மிச்சம் 33. அங்கே நிற்க வேண்டியவர்கள் 316 பேர். சதுர மீட்டருக்கு ஒன்பதரை ஆள். ஓட்டுநர் அறைக்குப் போகும் இடத்தைக் கழிக்காமலே இவ்வளவு.

பெரிய கேரம் பலகை, சட்டத்தோடு சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தரையில் போட்டு, மேலே ஒன்பது பேரை நிற்கவைத்து, ஆளுக்கொரு சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டி, எல்லோரையும் அப்படியே பல்லாவரம்வரை அனுப்பிவையுங்கள். ‘நிற்கலாம்’ என்ற சொல்லுக்கு ரயில்வேயின் செய்திக்குறிப்பில் அதுதான் பொருள்.

இதைவிட வேடிக்கை, பக்கத்தில் மும்பைக் கணக்கை வைத்துப் பார்க்கும்போது வருகிறது. 2017 டிசம்பர் 25 அன்று அங்கே ஓடத் தொடங்கிய முதல் ஏசி லோக்கலும் 12 பெட்டிதான். அதுவும் நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் கட்டியதுதான். அதற்குச் சொன்ன கணக்கு 1,028 இருக்கை, மொத்தம் 5,964 பேர். அதாவது நிற்பவர்கள் 4,936. சென்னை ரயிலைவிட 88 இருக்கைதான் குறைவு, ஆனால் நிற்பவர்கள் 1,138 பேர் அதிகம். ஓர் இருக்கையை எடுத்த இடத்தில் 13 பேர் நிற்க முடியுமா? பெட்டியின் உள்ளமைப்பில் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றால் 1,138 பேர் முளைத்துவிட மாட்டார்கள். மாறியது சதுர மீட்டருக்கு இத்தனை பேர் என்ற அனுமானம் மட்டுமே. மும்பைக்காரர் கொஞ்சம் ஒல்லி என்று காகிதத்தில் தீர்மானித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படியொரு அனுமானம் எதற்கு என்று கேட்டால் நியாயமான விடை உண்டு. பெட்டி கட்டும் பொறியாளருக்கு ‘அதிகபட்சம் எவ்வளவு கனம் ஏறும்’ என்று தெரிந்தாக வேண்டும். வில் அமுங்கிவிடக் கூடாது, பிரேக் பிடிக்க வேண்டும், மோட்டார் இழுக்க வேண்டும். அதற்காக நசுங்கும் கூட்டத்தைக் கணக்கில் வைப்பது கடமை. மும்பையில் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் என்று எழுதி, அதற்கு ‘மிக மிக நெருக்கமான நசுக்கல்’ என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். பாலத்தில் எடைப்பலகை வைப்பது போன்ற கணக்கு அது. பாலம் தாங்கும் எடை இவ்வளவு என்று எழுதியிருப்பதால் அத்தனை எடையையும் தினமும் ஏற்ற வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ரயில் விஷயத்தில் மட்டும் அந்த எண் பட்டறையிலிருந்து செய்திக்குறிப்புக்கு நழுவி வந்து, பயணிக்குக் கிடைக்கும் வசதியாகப் பெயர் மாறிவிடுகிறது. இருக்கை, நெரிசல் பற்றிய நம் வாதங்களின் முதல் பிழை இங்கேதான் இருக்கிறது.

வேறு அளவுகோல்கள் இல்லாமலில்லை. ஜப்பானில் நெரிசலைச் சதவீதத்தில் சொல்வார்கள். எல்லோரும் உட்காரவோ, கைப்பிடியையோ கதவோரக் கம்பியையோ பிடித்து நிற்கவோ முடிந்தால் 100. செய்தித்தாளை விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்து, சிரமப்பட்டுப் படிக்க முடிந்தால் 180. உடம்பு உரசி அழுத்தினாலும் வார இதழையாவது பார்க்க முடிந்தால் 200. வண்டி ஆடும்போதெல்லாம் உடம்பு சாய்ந்து, கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250. இப்போது யாரும் ரயிலில் செய்தித்தாள் விரிப்பதில்லை, இருந்தாலும் இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது, பயணியின் கையிலிருந்து தொடங்குவதால். இதன் குறை, உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரி எடுப்பது. எட்டேமுக்கால் ரயிலில் மூச்சுமுட்ட வந்தவரின் துன்பத்தை, ஒன்பதரை ரயிலில் சாவகாசமாக வந்தவர் சராசரியில் கழித்துவிடுவார்.

பிரிட்டனின் கணக்கு இன்னும் கறார். நிற்கும் நேரம் 20 நிமிடத்துக்கு மேல் போகும் பயணம் என்றால் இருக்கைகளின் எண்ணிக்கைதான் கொள்ளளவு. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொருவரும் ‘மிகை’. 20 நிமிடத்துக்குள் முடியும் பயணத்துக்கு மட்டும் நிற்பவர்களுக்கான இடத்தையும் கொள்ளளவில் சேர்க்கலாம். மிகை என்று எழுதி வைப்பதால் யாருக்கும் இருக்கை கிடைத்துவிடாது, உண்மைதான். ஆனால் இந்த விதிக்குள் நம்மிடம் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது: நேரம். எவ்வளவு நெருக்கம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்கிறது அது.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கியபோது தாம்பரம் ஊரின் கோடி. 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்று அலுவலகம் போகிறவர் கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் செங்கல்பட்டிலும் இருக்கிறார். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு 60 கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். மாம்பலத்தில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறவரும் அதே பெட்டியில்தான் நிற்கிறார். முதலாமவருக்கு இருக்கை முழங்காலின் பிரச்சினை. இரண்டாமவருக்கு அது வழியை அடைக்கிற சாமான். இருவரையும் ஒரே எண்ணுக்குள் போட்டுவிட்டு ‘இருக்கை கூட்டலாமா, குறைக்கலாமா’ என்று கேட்டால் எந்த விடை சொன்னாலும் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் இருக்கும்.

இருக்கையின் மதிப்பை அறிய ஆய்வு வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், பூங்கா நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. மாலையில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏற மாட்டார். எதிர்த் திசையில் கோட்டை, கடற்கரை என்று இரண்டு நிலையம் பின்னால் போய், காலி வண்டியில் ஜன்னலோரம் பிடித்து, அதே பூங்கா வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு வருவார். “இருபது நிமிஷம் போனாப் போகுது, ஒன்றேகால் மணி நேரம் கால் பிழைக்குதே” என்பார். அந்த இருபது நிமிடம்தான் ஓர் இருக்கையின் அன்றாட விலை. மும்பையில் இது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது.

அந்த இருக்கையும் சொன்ன எண்ணிக்கையில் நிற்பதில்லை. மூவர் உட்காரும் பலகையில் நாலாவது ஆள் உண்டு. வந்து நிற்பார், எதுவும் கேட்க மாட்டார், உள்ளங்கையை லேசாக இடப்பக்கம் அசைப்பார். மூவரும் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே நாலு அங்குலம் நகர்வார்கள். நாலாமவருக்குக் கிடைப்பது ஒரு தொடைக்கான பலகை. இன்னொரு கால் நடைவழியில் ஊன்றி நிற்கும், உட்கார்ந்தபடியே நிற்பதுபோல. அந்த ஊன்றிய காலைத் தாண்டித்தான் உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டும். மரியாதைக்கு விட்டுக்கொடுத்த நாலு அங்குலம், கிண்டியில் பத்துப் பேர் இறங்கும் வழியை அடைத்து நிற்கும். 93 என்று எழுதியிருக்கும் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் செய்திக்குறிப்பும் சொல்லாது.

இனி முன்வைக்கப்படும் தீர்வுகளுக்கு வருவோம். முதலாவது, இருக்கைகளைக் குறைத்து நிற்கும் இடத்தைக் கூட்டுவது. கேட்டவுடன் சரி என்றே தோன்றும். மூன்றில் ஒரு பங்கை, 372 இருக்கைகளை, எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இருக்கை விடும் 0.4 சதுர மீட்டரில், சதுர மீட்டருக்கு ஒன்பது பேர் என்ற கணக்குப்படி 3.6 பேர் நிற்கலாம். எழுந்து நிற்பவரைக் கழித்தால் நிகர லாபம் 2.6. ரயில் முழுக்க 967 பேர் கூடுதல், 20 சதவீத லாபம். அட, என்று தோன்றும். அதையே ஐரோப்பாவில் வழங்கும் சதுர மீட்டருக்கு நாலு பேர் என்ற கணக்கில் போடுங்கள். 0.4 சதுர மீட்டரில் 1.6 பேர், நிகர லாபம் 0.6. ரயில் முழுக்க 223 பேர்தான். அந்தக் கணக்கில் ரயிலின் கொள்ளளவே 2,700 என்பதால் எட்டு சதவீதம். பெரிய லாபம் நசுக்கலைச் சாதாரணம் என்று ஏற்றுக்கொள்பவருக்கு மட்டும். மனிதர் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும் என்று நினைப்பவருக்கு 372 பேரை எழுப்பிவிட்டு 223 பேரை ஏற்றிக்கொள்வது நட்ட வியாபாரம்.

ஜப்பான் இதைச் செய்தே பார்த்தது. டோக்கியோவின் யமனோட்டே வழித்தடத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு கதவுள்ள பெட்டிகளைச் சேர்த்தார்கள். காலை நெரிசல் நேரம் முழுக்க அவற்றில் இருக்கைகளை மடக்கிப் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் நிற்க வேண்டியதுதான். 2011-இல் அந்தப் பெட்டிகளை விலக்கிவிட்டு, இருக்கையுள்ள வழக்கமான பெட்டிகளுக்கே திரும்பினார்கள். நடைமேடையில் தடுப்புக் கதவு வைக்க அந்தப் பெட்டி ஒத்துவரவில்லை என்பது ஒரு காரணம். வேறு வழித்தடங்கள் சுமையைப் பகிர்ந்துகொண்டதில் நெரிசலும் குறைந்திருந்தது.

ஆனால் இருக்கை நீக்கத்துக்கு வேறொரு, வலுவான ஆதரவு வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. லண்டனைத் தெற்கு வடக்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் பாதையில் 2016 முதல் ஓடும் 12 பெட்டி ரயிலில் 666 இருக்கைகள்தான். நிற்பவரையும் சேர்த்து 1,754 பேர். நடைவழி அகலம், கதவோரம் விசாலம். பயணிகள் அந்த ஒல்லி இருக்கைகளுக்கு ‘இஸ்திரிப் பலகை’ என்று பெயர் வைத்துத் திட்டினார்கள். அதை வடிவமைத்தவர்களின் நோக்கம் ஒரு ரயிலில் அதிகம் பேரை அடைப்பதில்லை. நகர மையத்தில் மணிக்கு 24 ரயில் விட வேண்டும். அதற்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி இறங்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் கதவருகே இடம் வேண்டும். இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. எழும்பூரில் ஒருமுறை நின்று பாருங்கள். நடைவழியில் காற்று வாங்க இடமிருக்கும். கதவருகே எள்ளைப் போட்டால் எண்ணெயாக எடுக்கலாம். அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டுமே என்ற பயத்தில் யாரும் உள்ளே போவதில்லை. கதவுக்கு இருபுறமும் முதல் வரிசை இருக்கைகளை எடுத்தால் அது நின்றுகொள்ள இடம் தருவதற்காக இருக்காது, வண்டி பத்து விநாடி முன்னதாகக் கிளம்புவதற்காக இருக்கும். மிச்சப்படும் விநாடிகள் சேர்ந்து இன்னொரு ரயிலாக மாறாவிட்டால் எடுத்த இருக்கை வீண்.

இரண்டாவது தீர்வு, மூடும் கதவு. 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில், வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் போன புறநகர் ரயிலில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கவாட்டுக் கான்கிரீட் சுவரில் மோதினார்கள்; இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்பை அருகே மும்ப்ராவில் எதிரெதிரே போன இரண்டு லோக்கல்களின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்தார்கள், அங்கும் உயிர்ச்சேதம். அதற்குப் பிறகு மும்பையின் புதிய ரயில்களுக்கெல்லாம் தானியங்கிக் கதவு என்று ரயில்வே அறிவித்தது. உயிர் காக்கும் ஏற்பாடு என்ற வகையில் இதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை.

நெரிசல் தீர்வு என்ற வகையில் சொல்ல நிறைய இருக்கிறது. படிக்கட்டு எந்தக் கணக்கிலும் எழுதப்படாத கொள்ளளவு. ஒரு வாசலில் ஐந்து பேர் தொங்கினால் அந்த ஐந்து பேரும் கதவு மூடும்போது உள்ளே நசுங்க வேண்டும், இல்லையென்றால் நடைமேடையில் நிற்க வேண்டும். கதவு மூடுவது நெரிசலைக் குறைப்பதில்லை, இருக்கும் இடத்தை மாற்றுகிறது. ஏசி என்றால் அதோடு கட்டணமும் சேர்கிறது. சென்னையில் சாதாரண மின்சார ரயிலில் ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட், ஏசியில் 35 ரூபாயில் தொடங்கி 105 வரை போகிறது. தனியாகக் கூடுதல் ரயிலாக விட்டால் அது ஒரு வசதி. சாதாரண ரயிலை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் இதை விட்டால் கதை வேறு. 2022 ஆகஸ்டில் மும்பையில் கல்வா, பத்லாபூர் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கிப் போராடியது அதற்காகத்தான். மத்திய ரயில்வே பத்து ஏசி சேவைகளைத் திரும்பப் பெற்றது. காலை எட்டரை மணிக்குத் தண்டவாளத்தில் ஓர் இடைவெளி என்பது அரிய பொருள். அதில் பாதி நிறைந்த வண்டியை விடுவது, அடுத்த வண்டியை ஒன்றரை மடங்கு நிறைப்பதுதான்.

மிஞ்சுவது பழைய, சுவாரசியமில்லாத தீர்வு: நீளமான ரயில், அடிக்கடி வரும் ரயில். ஒன்பது பெட்டியைப் பன்னிரண்டாக்கினால் 33 சதவீதம் லாபம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதை எட்டு நிமிடமாக்கினால் 25 சதவீதம். இரண்டிலும் ஒருவரையும் எழுப்பத் தேவையில்லை. டோக்கியோவின் முக்கிய வழித்தடங்களில் சராசரி நெரிசல் 1975-இல் 221 சதவீதமாக இருந்தது. 2019-இல் 163-க்கு வந்தது. பாதைகளை இரட்டித்து, பெட்டிகளைச் சேர்த்து, ரயில்களைக் கூட்டி, அலுவலக நேரத்தை முன்பின் தள்ளச் சொல்லிக் கெஞ்சி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இது சுலபம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னைக் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலே சொச்சம் கிலோமீட்டருக்கு நாலாவது பாதை போடுவதற்கு, கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை நிறுத்தி வைத்தார்கள். அந்த வழியில் தினம் போனவர்களுக்குத் தெரியும் அது என்ன விலை என்று. இருக்கையைக் கழற்ற ஸ்பேனர் போதும், ஒரே இரவில் முடிந்துவிடும். அதன் கவர்ச்சியே அந்தச் சுலபம்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வகுப்பைப் பற்றி ஒரு சொல். பக்கத்துத் தடுப்பில் ஆள்மேல் ஆள் நிற்கும்போது இங்கே கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கலாம். பெட்டிகளுக்கிடையிலான இந்த ஏற்றத்தாழ்வையும், நடைமேடைப் படிக்கட்டுக்கு நேரே நிற்கும் பெட்டி மட்டும் நிரம்பி வழிவதையும் சரிசெய்யாமல் இருக்கையில் கைவைப்பது முறையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நெரிசலுக்கு மருந்தாக இருக்கையைக் குறைப்பது என்ற யோசனை தேறவில்லை. தாம்பரம்வரை மட்டும் ஓடும் ரயில்களில், கதவோர வரிசையில் மட்டும், ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டும் திட்டத்தோடு சேர்ந்து வந்தால் அதை ஏற்கலாம். செங்கல்பட்டுவரை ஓடும் ரயிலில் ஓர் இருக்கையையும் தொடக் கூடாது. மூடும் கதவு வேண்டும், ஆனால் படிக்கட்டில் வந்தவர்களுக்கு உள்ளே இடம் கொடுத்த பிறகு. ஏசி ரயில் கூடுதலாக வந்தால் சரி, பதிலாக வந்தால் தப்பு.

செய்திக்குறிப்பையும் திருத்தி எழுத வேண்டும். 33 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு நாலு பேர், 12 பெட்டி: நிற்க 1,584 பேர். உட்கார 1,116. மொத்தம் 2,700. அதுதான் அந்த ரயிலின் கொள்ளளவு. 4,914 என்பதில் மீதமிருக்கும் 2,214 பேரும் கடற்கரை நடைமேடையில் அடுத்த ரயிலுக்கு நிற்பவர்கள். அந்த ரயிலைத்தான் இன்னும் விடவில்லை.